வெற்றிடத்தை நிரப்புவோர்

திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைந்துள்ளன. அங்கு இன்று ஒடிஸா, ஜார்க்கண்ட், பிகார் மாநிலங்களைச் சேர்ந்த இளைஞர்களும் இளம்பெண்களும் விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். அதே வட்டாரத்து இளைஞர்களோ திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிச் செல்கின்றனர்.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்த ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கியுள்ளார். அருகிலுள்ள நகருக்கு மக்கள் பெயரும்போது ஏற்படும் வெற்றிடத்தைத் தொலைவிலிருந்து வருவோர் நிரப்புகின்றனர் என்பது அவர் கண்ட விதிகளுள் ஒன்று.

இரவுப் பணியும் பஞ்சுத் தூசும் நிறைந்த ஆலை வேலையைப் படித்த தலைமுறை நாடுவதில்லை. குழந்தைப்பேறு விகிதம் தமிழகத்தில் 1.8, பிகாரில் 3.0 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இங்கு குறைவாகத் தோன்றும் கூலி, வேலையே அரிதான ஊரிலிருந்து வருவோருக்கு வாழ்வாதாரமாகிறது. எனவே, 'வடவர்கள் நம் வேலையைப் பறிக்கின்றனர்' என்பது முழு உண்மையன்று. ஆனால், உள்ளூரார் விலகியதற்கான காரணங்களைக் களையாமல் இருக்க அவர்களின் வரவு ஆலைகளுக்கு வசதியாகிவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மாநில எல்லை கடந்தவர்களே நம் கண்ணில் படுகின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி, நாட்டில் இடம்பெயர்ந்தோர் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் மாநிலம் விட்டு மாநிலம் சென்றோர் ஏறத்தாழ 5.4 கோடி மட்டுமே. பெரும்பான்மையினர் பெண்கள், திருமணமே முதன்மைக் காரணம். மணமாகி வந்த ஊரில் அப்பெண்கள் வேலைக்குச் சென்றாலும், கணக்கில் அது 'திருமண இடப்பெயர்வு' என்றே நிற்கிறது.

சில மாதங்கள் மட்டும் வெளியூரில் உழைத்துத் திரும்புவோரும் கணக்கெடுப்பில் எளிதில் விடுபடுகின்றனர். கணக்கில் வராதவர்களுக்காகப் பள்ளியோ, சுகாதார நிலையமோ திட்டமிடப்படுவதில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் குடும்ப அட்டையைப் பிற மாநிலத்திலும் செல்லத்தக்கதாக்கியது. ஆனால், தாய்மொழியில் பாடம் கேட்கும் குழந்தைக்கு அந்த அட்டை உதவாது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆலை விடுதிகளையும் செங்கல் சூளைகளையும் விடாமல் எட்ட வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் தங்குவோரின் பதிவேட்டைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். அது காவல் துறைக்கான சந்தேகப் பட்டியலாக அன்றி, குடிநீரும் மருத்துவமும் பள்ளியும் வழங்குவதற்கான கணக்காக அமைய வேண்டும். நம் பிள்ளைகள் பிழைக்கச் சென்ற ஊரில் அவர்களுக்கு எதை எதிர்பார்க்கிறோமோ, அதுவே இங்கு வந்தவர்களுக்கு நாம் தர வேண்டியது.