பூனை கொழுத்தால் பெருமையா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டு நூலை எலி கடிக்காமலிருக்க அங்கே பூனை வளர்க்கிறார்கள். காலையில் அம்மா பால்சோறு வைக்கிறார். மதியம் பாட்டி தயிர்சோறு. மாலையில் உங்கள் பங்குக்குப் பிஸ்கட். பூனை எலியை மறந்து நாள் முழுதும் தூங்குகிறது. “என்ன கொழுகொழுவென்று இருக்கிறது!” என்று வருவோரெல்லாம் மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டிய செய்தியா இது?

வீட்டுப் பூனையின் எடை சுமார் 4 கிலோதான். அது 1 கிலோ கூடினால், 60 கிலோ மனிதர் 15 கிலோ கூடியதற்குச் சமம்! பூனை புலியைப் போல இறைச்சி உண்ணப் பிறந்த விலங்கு. சோற்றின் மாவுச்சத்து மிஞ்சினால் கொழுப்பாக மாறித் தோலடியிலும் வயிற்றிலும் சேர்கிறது. அதனால் மூட்டுகள் தேய்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் நீரிழிவும் வரலாம். முதுகை நக்கிச் சுத்தம் செய்யக்கூட உடல் வளையாது.

ஆஸ்திரேலியாவில் ஹிம்மி என்ற பூனை 21.3 கிலோ இருந்தது. 1986-ல், 10 வயதில், சுவாசக் கோளாறால் இறந்தது. இப்படிப்பட்ட சாதனைகளைக் கின்னஸ் புத்தகம் இப்போது ஏற்பதில்லை. சாதனைக்காக யாரும் பூனைக்குத் தீனி திணித்துவிடக் கூடாதல்லவா?

உங்கள் பூனையை நீங்களே சோதிக்கலாம். விலாப்புறத்தை மெல்லத் தடவுங்கள். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டால் நல்லது. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் பூனை பருத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்றுக் குறுகித் தெரிய வேண்டும்.

“சரி, நாளை முதல் பட்டினி போடுவோம்” என்று கிளம்பிவிடாதீர்கள்! அதுதான் பெரிய ஆபத்து. பருத்த பூனை சில நாட்கள் உண்ணாவிட்டால், உடலில் சேர்ந்திருந்த கொழுப்பு கல்லீரலை நோக்கிப் பாய்கிறது. அவ்வளவையும் கல்லீரலால் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, பூனை இறந்தும் போகலாம்.

ஆகவே கால்நடை மருத்துவரைக் கேட்டு, வாரத்துக்கு 50 கிராம் அளவில் மெதுவாகக் குறையுங்கள். சோற்றைக் குறைத்து, வேகவைத்த மீனோ கோழியோ அளவோடு கொடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமே உணவு வைக்கட்டும். ஒரு கயிற்றை இழுத்து ஓடுங்கள். பூனை பின்னால் பாயும். மாதம் ஒருமுறை அதைக் கூடையில் வைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக் குறித்துவையுங்கள்.

அன்போடு வைக்கும் சோற்றுக்கும் ஓர் அளவு உண்டு. இன்று மாலை பூனை வந்து காலைச் சுற்றும்போது, பிஸ்கட்டை எடுக்குமுன் அதன் விலாவைத் தடவிப் பாருங்கள்!