வீட்டில் அடைபட்ட நாட்களில் சர்க்கரை வியாதி



2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, கொரோனாவுக்குப் பயந்து எல்லாரும் கதவை அடைத்துக்கொண்டோம். அவ்வருஷம் ஈஸ்டர் பண்டிகைக்கும் ஆலயங்கள் பூட்டியே இருந்தன. பஸ் ஓடவில்லை. மாதந்தோறும் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களால் வரக்கூடவில்லை. ஊரடங்கு தளர்ந்தபின் வார்டுகளில் நாங்கள் சந்தித்த பலர் கொரோனாவால் வந்தவர்கள் அல்ல. ஆறாத கால் புண்ணோடு வந்த சர்க்கரை வியாதியஸ்தர்கள். ஒரு வியாதிக்குப் பயந்து வீட்டிலிருந்தவர்களை, அவர்களோடு வீட்டுக்குள்ளேயே இருந்த வியாதி பிடித்துக்கொண்டது.

கொள்ளைநோய் மறுபடியும் வரலாம். வெள்ளத்தாலோ எலும்பு முறிவாலோகூட ஒருவர் வாரக்கணக்கில் வீட்டில் அடைபடலாம். ஆகவே, எங்கள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறோம்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது?

நடக்கும்போது நம் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. உட்கார்ந்தே இருந்தால் செலவு குறைகிறது, வரவு குறைவதில்லை. 2020 ஏப்ரலில் தமிழக அரசு ரேஷன் கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்தது. அது ஏழைகளின் பசியைத் தீர்த்த பெரிய உதவி. ஆனால் காய்கறிக்கு வழியில்லாமல் மூன்று வேளையும் சோறு என்றானபோது சர்க்கரையும் ஏறியது.

சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. தட்டில் பாதி காய் அல்லது கீரை, கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன் போன்றவை, மீதிக் கால் பங்கு சோறு. குழைந்த கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். சாப்பிட்டபின் முற்றத்திலோ மொட்டைமாடியிலோ செருப்பணிந்து 15 நிமிஷம் நடப்பது நல்லது.

மருந்தும் இன்சுலினும்

சர்க்கரை ஏறினால் வலிக்காது. அதனால்தான், மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள், தாங்கள் சுகமாயிருப்பதாகவே நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்குரிய மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணல் இட்டு, அதற்குள் சிறு பானையை வைத்து, அதில் இன்சுலினை நனையாமல் மூடி நிழலில் வைக்கலாம். பிரீசரில் உறைந்துபோன இன்சுலின் உதவாது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல் வந்தால் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். "சாப்பிடவில்லையே" என்று இன்சுலினைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அளவைப் பார்த்து, டாக்டரிடம் போனில் கேட்டு மாற்ற வேண்டும். வாந்தி நிற்காமல், மூச்சு வாங்கி, மயக்கமாயிருந்தால் தாமதிக்கக்கூடாது. 2021-ல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுப்படாத சர்க்கரையோடு ஸ்டீராய்டு மருந்தும் எடுத்தவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள்.

பாதத்தைப் பாருங்கள்

நாள்பட்ட சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது, புண்ணும் ஆறாது. வீட்டுக்குள்தானே என்று வெறுங்காலோடு நடக்கிறவர், தரையில் இரத்தக்கறை கண்டபின்தான் காயத்தை அறிவார். வெந்நீரில் காலை வைத்தவருக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும்.

ஆகவே ஒவ்வொரு இரவும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம்போகத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். காலாணியை பிளேடால் வெட்டவேண்டாம். சிவப்போ, கொப்புளமோ, நிறமாற்றமோ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ஊரடங்கிலும் அவசர சிகிச்சைக்குத் தடை இருந்ததில்லை. அன்றைக்கே வந்திருந்தால் மருந்து கட்டி அனுப்பியிருக்கக்கூடிய புண்ணுக்காக, விரலையோ காலையோ எடுக்க நேரிட்டவர்களின் படுக்கையருகே நாங்கள் அமர்ந்திருக்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உங்கள் தெருவிலுள்ள முதியோரின் பெயர் அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

உங்கள் சபையில் தனியாக வாழும் சர்க்கரை வியாதியஸ்தர் யார் யார் என்று ஒரு பட்டியல் இன்றே எழுதி வையுங்கள். கதவுகள் அடைபடும் நாளில் ஒருவருக்கு ஒருவர் போன் செய்து மூன்று கேள்வி கேட்டால் போதும்: மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்? உள்ளங்காலைப் பார்த்தீர்களா?