காண்டலும் அறிதலும்

ஒரு பொருளைக் காண்பது வேறு. அஃது இன்ன பொருள் என அறிவது வேறு. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் பகுத்தபொழுது, கண்ணறிவை நான்காவதாகவும் மனவறிவை ஆறாவதாகவும் வைத்தார். இவ்விரண்டும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்பதைப் பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதம் காட்டுகின்றது.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயை விரித்தெழுதினார். நடுக்கத்தையும் நடையின் மாறுபாட்டையும் நுணுகிக் கண்ட அவர், புலன்களும் அறிவும் ஊறுபடுவதில்லை என்றே கருதினார். பின்வந்த ஆராய்ச்சி அக்கருத்தைத் திருத்தியது. மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் உடலியக்கம் தளர்கின்றது. அப்பொருள் கண்ணின் விழித்திரையிலும் உண்டு. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிவதில் அதற்கும் பங்குண்டு.

கள்ளிக்குப்பத்தில் வாழும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். திருகாணியின் அளவைப் பார்த்தவுடன் சொல்ல வல்லவர். நடுக்குவாதம் முதிர்ந்தபின், வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்டிலி இருக்கவும், “இட்டிலி வரவில்லையே அம்மா” என்று மருமகளிடம் கேட்கின்றார். அந்தி வேளையில் கொடியில் தொங்கும் சட்டையைப் பார்த்து, “வாருங்கள், உட்காருங்கள்” என்கின்றார். ஆனால் கண் மருத்துவரின் எழுத்துப் பலகையைத் தடையின்றிப் படித்துவிடுகின்றார்! வீட்டார் சினக்கின்றனர், நடிப்பு என்றும் சிலர் முடிவு கட்டுகின்றனர். அம்முடிவு பிழை, கொடியதும்கூட.

எழுத்துப் பலகையில் கருமையும் வெண்மையும் எதிரெதிர் நிற்கின்றன. இட்டிலியும் பீங்கானும் அங்ஙனம் நிற்பதில்லை. மேலும், விழித்திரையில் விழுந்த உருவின் செய்தி மூளையின் பிற்பகுதிக்குச் சென்று, அங்கிருந்து பக்கப் பகுதியை அடைகின்றது. முன்பு அறிந்த வடிவங்களோடு ஒத்துப் பார்த்து, ‘இது சட்டை’ எனத் துணிவது அவ்விடத்தேதான். இந்நோயாளர் பலருக்கு இவ்வழி நலிவுறுகின்றது. பொருள் முழுதாகவும் நல்லொளியிலும் தோன்றினால் அறிவர். விளிம்பு மங்கினாலும், ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் தடுமாறுவர். அப்பொழுது மூளை, குறைந்ததைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்கின்றது. இருளில் கயிற்றைப் பாம்பெனக் காண்பது எவர்க்கும் நேரக்கூடியதே. இவர்களுக்கோ அது விளக்கொளியிலும் நேர்கின்றது. கையில் எடுத்துத் தடவிப் பார்த்ததும் இன்ன பொருள் என அறிந்துகொள்வதும் உண்டு.

இந்நோய்க்குத் தலையாய மருந்து லெவோடோபா. நம் நாட்டுப் பூனைக்காலிக் கொடியின் விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்ததைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களாகிய தாமோதரனும் இராமசாமியும் 1937-இல் வெளியிட்டனர். அது நடுக்குவாதத்திற்குப் பயன்பட்டதோ 1960-களிலேதான். அம்மருந்தால் உடலியக்கம் சீர்ப்படும். பார்வை மங்கலும் ஓரளவு குறையலாம். ஆயினும் அளவு மிகின், இல்லாத உருவங்களைத் தோற்றுவிக்கவும் கூடும். ஆதலின் விதையை வாங்கித் தாமே இடித்து உண்பது தகாது.

மருந்து எட்டாத இடத்தில் வீட்டாரின் கை எட்டும். பொழுது சாயுமுன் விளக்கேற்றலாம். கொடியில் தொங்கும் சட்டையை எடுத்து மடித்து வைக்கலாம். வெள்ளைத் தட்டில் காணாத இட்டிலியை, வாழையிலையில் வைத்தால் முதியவர் தாமே கண்டு எடுத்து உண்பார்.