கடிகாரம் பார்த்துச் செல்லும் பாய்ப்படகு

1869ஆம் ஆண்டில் எம்ப்சன் எட்வர்டு மிடில்டன் என்ற ஆங்கிலேயர், சுமார் 7 மீட்டர் நீளமே உள்ள ‘கேட்’ என்னும் பாய்ப்படகில் தன்னந்தனியாக இங்கிலாந்தைச் சுற்றி வந்தார். படகில் இயந்திரம் கிடையாது. வானொலி என்ற ஒன்றே அன்று இல்லை. ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றாமல், குறுக்கே வெட்டப்பட்டிருந்த ஃபோர்த்–கிளைடு கால்வாய் வழியாக அவர் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குச் சென்றார்.

இன்றும் 8 அல்லது 10 மீட்டர் நீளமுள்ள ‘யாட்’ எனப்படும் சிறு பாய்ப்படகுகளில் பலர் கோடைக் காலத்தில் பிரிட்டனைச் சுற்றி வருகின்றனர். வடமுனையையும் சுற்றி வந்தால் ஏறக்குறைய 2000 கடல் மைல் தொலைவு ஆகும். இரவில் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் தங்கி, பகலில் கரையை ஒட்டியே செல்வது வழக்கம்.

கரை கண்ணுக்குத் தெரியும்படி செல்வதில் என்ன அபாயம் இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் சிறு படகுக்குக் கடினமான இடம் கரையோரமே. அது ஏன் என்பதையும், திசைவேகங்களைக் கூட்டும் பாடம் அங்கே எவ்வாறு உயிர் காக்கிறது என்பதையும் பார்ப்போம்.

வேகத்திற்கு ஓர் எல்லை

படகு நீரைப் பிளந்து செல்லும்போது அதன் முன்புறத்தில் ஓர் அலை எழுகிறது. படகின் வேகம் கூடக் கூட, அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலைநீளம் படகின் நீளத்திற்குச் சமமாகும்போது, படகின் முன்புறம் ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலும் இருக்கும். இதற்கு மேலும் வேகம் கூடினால் பின்முகடு பின்தங்கிவிடும். படகின் பின்பகுதி பள்ளத்தில் அமிழும். தான் எழுப்பிய மேட்டின்மீது தானே ஏற வேண்டிய நிலை படகுக்கு ஏற்படுகிறது. காற்று எவ்வளவு பலமாக வீசினாலும், கனமான சிறு படகு இந்த எல்லையைத் தாண்டுவது மிகக் கடினம்.

எல்லை எவ்வளவு? ஆழமான நீரில் அலையின் வேகத்தைக் காண, புவியீர்ப்பு முடுக்கத்தை அலைநீளத்தால் பெருக்கி, 6.28 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நீர்மட்டத்தில் 8 மீட்டர் நீளமுள்ள படகுக்கு, 9.8 ஐ 8 ஆல் பெருக்கி 6.28 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12.5 வரும். இதன் வர்க்கமூலம் சுமார் 3.5. அதாவது நொடிக்கு 3.5 மீட்டர், மணிக்குச் சுமார் 12.7 கிலோமீட்டர்.

கடலில் வேகத்தை ‘நாட்’ என்னும் அலகால் அளப்பர். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் செல்வது 1 நாட் ஆகும். நம் படகின் எல்லை வேகம் ஏறத்தாழ 7 நாட். நாள் முழுவதும் சராசரியாக 5 நாட் கிடைத்தால் அது நல்ல பயணமே. மிதிவண்டியை நிதானமாக ஓட்டினாலும் இப்படகை முந்திவிடலாம்.

காற்றை எதிர்த்து

போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வீசினால் என்ன செய்வது? ஈரமான புளியங்கொட்டை ஒன்றை இரு விரல்களுக்கிடையே அழுத்துங்கள். அது வழுக்கிக்கொண்டு முன்னால் பாயும். பாய்ப்படகும் இப்படியே ஒரு பக்கம் காற்றாலும் மறு பக்கம் நீராலும் அழுத்தப்படுகிறது. படகின் அடியில் கீழ்நோக்கி நீண்டிருக்கும் கனமான தகடு, படகு பக்கவாட்டில் தள்ளப்படாமல் தடுக்கிறது. பாயின்மீது செயல்படும் விசையின் ஒரு கூறு படகை முன்னே செலுத்துகிறது.

ஆயினும் காற்றை நேருக்கு நேர் எதிர்க்க இயலாது. காற்றின் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாக, முதலில் வலப்புறமும் பின்னர் இடப்புறமுமாக வளைந்து வளைந்து செல்ல வேண்டும். அப்போது 5 நாட் வேகத்தில் ஓடும் படகு, காற்றுத் திசையில் முன்னேறும் வேகம் 5 ஐ 0.707 ஆல் பெருக்கக் கிடைக்கும் 3.5 நாட் மட்டுமே.

நகரும் சாலை

நிலத்தில் சாலை நகர்வதில்லை. கடலில் சாலையே நகர்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் ஓதம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயில் புகுந்து, ஏறக்குறைய 6 மணி நேரம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. பிறகு ஏறக்குறைய அதே நேரம் மேற்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் வலுக்கும். பிறைகளுக்கு இடைப்பட்ட அரைநிலா நாள்களில் அது தணியும்.

இதன் விளைவைக் கணக்கிடுவோம். துறைமுகம் 12 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. படகின் வேகம் 5 நாட், நீரோட்டம் 2.5 நாட். ஓட்டம் துணையாக இருந்தால் மொத்த வேகம் 7.5 நாட், 1 மணி 36 நிமிடத்தில் சேர்ந்துவிடலாம். எதிராக இருந்தால் எஞ்சுவது 2.5 நாட், 4 மணி 48 நிமிடம் ஆகும். அதே படகு, அதே காற்று, அதே தொலைவு. ஆனால் நேரம் மும்மடங்கு.

காற்றும் எதிர், ஓட்டமும் எதிர் என்றால்? காற்றை எதிர்த்து 3.5 நாட் முன்னேறும் படகை 3.5 நாட் ஓட்டம் சந்தித்தால் விடை பூஜ்யம். பாய் விம்முகிறது, நுரை பறக்கிறது, கரையிலுள்ள கலங்கரை விளக்கமோ அதே இடத்தில் நிற்கிறது! ஆகவேதான் மாலுமி, துறைமுகத்தில் எப்போது உயர் ஓதம் என்று முதலில் பார்க்கிறார். நீரோட்டப் படத்தொகுப்புகளும் உண்டு. உயர் ஓதத்திற்கு 6 மணி முன்பிலிருந்து 6 மணி பின்பு வரை, மணிக்கு ஒன்றாக 13 படங்களில், எங்கே எவ்வளவு வேகத்தில் நீர் ஓடும் என்று அவை காட்டும். புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பது ஊக்கமன்று, அட்டவணையே.

போர்ட்லண்டு முனை

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு என்னும் நிலப்பகுதி கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஓடும் நீர் அதன் முனையை வளைந்து கடக்க வேண்டும். பரந்த நீர் குறுகிய வழியில் நெருக்கப்படும்போது அதன் வேகம் கூடும் என்பதை நாம் அறிவோம். பேரோத நாள்களில் இம்முனையருகே ஓட்டம் 7 நாட் வரை எட்டுகிறது. நம் படகின் எல்லை வேகமும் அதுதான் என்பதை நினைவில் கொள்க.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இப்பகுதியில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசுகிறது. மேற்கே செல்ல விரும்பும் படகுக்கு மேற்கு நோக்கிய ஓட்டம் துணைதான். ஆனால் அந்த ஓட்டம் காற்றை எதிர்த்து ஓடுகிறது. காற்று எழுப்பிய அலைகள் எதிர் ஓட்டத்தில் புகும்போது வேகம் குறைகின்றன. திருவிழாக் கூட்டத்தில் முன்னால் செல்வோர் நடையைத் தளர்த்தினால் பின்னால் வருவோர் நெருக்கியடிப்பார்கள் அல்லவா? அதுபோல அலைகள் நெருங்குகின்றன, உயர்கின்றன, செங்குத்தாகி உடைகின்றன. விரைவாகக் கொண்டு செல்லும் நீரே படகைக் கவிழ்க்கக் கூடிய அலைகளையும் எழுப்புகிறது.

எனவே மாலுமி அமைதியான நாளுக்குக் காத்திருந்து, ஓட்டம் திரும்பும் சமயம் பார்த்து முனையை ஒட்டிய ஒடுங்கிய வழியில் கடப்பார். இல்லையெனில் பல மைல் விலகி, கொந்தளிப்புக்கு வெளியே சுற்றிச் செல்வார். இடைப்பட்ட வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆபத்து.

கரையே பகை

புயலில் சிக்கிய படகுக்குக் கரை புகலிடம் என்று தோன்றும். ஆனால் காற்று கரையை நோக்கி வீசும்போது நிலைமை வேறு. நடுக்கடலில் படகு காற்றோடு பல மைல் அடித்துச் செல்லப்பட்டாலும் தீங்கில்லை. கரையோரத்தில் அந்த இடைவெளி கிடையாது.

பெரிய கப்பலுக்கும் இது பொருந்தும். 1859ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து உலகின் பாதியைக் கடந்து லிவர்பூலை நெருங்கியது. அதில் பாய்களோடு நீராவி இயந்திரமும் இருந்தது. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுக்கருகில் புயல் அதைக் கரை நோக்கித் தள்ளியது. நங்கூரமிட்டனர், சங்கிலிகள் அறுந்தன. பாய்மரங்களை வெட்டி வீழ்த்தினர். அப்படியும் காற்றின் விசையை இயந்திரத்தால் வெல்ல முடியவில்லை. அக்டோபர் 26 அன்று கப்பல் பாறைகளில் மோதி உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அப்போது பிரிட்டிஷ் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலின் தலைவரும் இவரே. இவ்விபத்துக்குப் பின், 1861ஆம் ஆண்டில், தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை அவர் தொடங்கினார். இன்றைய படகோட்டி துறைமுகத்தில் அமர்ந்து வானிலை அறிக்கை கேட்டு, “இன்று வேண்டாம்” என்று நங்கூரத்தை எடுக்காமல் இருந்துவிடுகிறார் என்றால், அதில் ஃபிட்ஸ்ராய்க்குப் பங்கு உண்டு.

ஒரு முக்கோணக் கணக்கு

இன்று செயற்கைக்கோள் உதவியால் படகு இருக்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் அறியலாம். ஆயினும் கருவி ஓட்டத்தை நிறுத்துவதில்லை. கணக்கு நம்முடையதே.

துறைமுகம் நேர் வடக்கே 20 கடல் மைலில் உள்ளது. படகு 5 நாட். ஓட்டம் கிழக்கு நோக்கி 3 நாட். ஓட்டத்தை மறந்து வடக்கு நோக்கியே செலுத்தினால், 4 மணி நேரத்தில் படகு 12 கடல் மைல் கிழக்கே ஒதுங்கியிருக்கும். மூடுபனியில் அங்கே துறைமுகத்திற்குப் பதில் பாறை இருக்கலாம். சரியான வழி, வடக்கிலிருந்து 37 பாகை மேற்கே திருப்பிச் செலுத்துவது. அப்போது 3, 4, 5 பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம் அமைகிறது. படகு நேர் வடக்கே 4 நாட் வேகத்தில் சென்று 5 மணி நேரத்தில் சேரும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது நண்டு போலப் பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றும்.

ஓட்டம் 4 நாட் ஆனால் எத்தனை பாகை திருப்ப வேண்டும்? 5 நாட் ஆகிவிட்டால் துறைமுகத்தை அடைய முடியுமா? தாளில் முக்கோணம் வரைந்து நீங்களே காணுங்கள்.