பெயர் மாறினால் இனிப்பு குறையுமா?



விருதுநகர் வட்டாரத்தைக் கரிசல் பூமி என்பர். வணிக பூமி என்பர். சிவகாசியை நினைந்து பட்டாசு பூமி என்றும் கூறுவர். இதனை இனிப்புப் பூமி என்றும் தயங்காது சொல்லலாம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அண்டையிலுள்ள கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் அதே சிறப்பை அடைந்தது. நாட்டின் தீபாவளிக்கெல்லாம் ஒளி செய்து அனுப்பும் சிவகாசியின் வீடுகளிலும் அன்று அதிரசமும் முந்திரிக்கொத்தும் மணக்கின்றன.

அவ்வீடுகள் பலவற்றில் நீரிழிவு நோயுடைய பாட்டனாரோ பாட்டியாரோ இருக்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான பெரும் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு எனக் கணித்தது. பண்டிகை நாளில் பலகாரத் தட்டு வரும்போது, “இது சீனி இல்லை, கருப்பட்டி, தாராளமாகச் சாப்பிடுங்கள்” என்று அன்புடன் உபசரிப்போர் உளர். “இது அரிசி இல்லை, தினை; ஒன்றும் செய்யாது” என்போரும் உளர். இவ்விரு சொற்களையும் இன்று நாம் உரைத்துப் பார்ப்போம்.

முதலில் உடலின் செயலை அறிவோம். சோறு, இட்லி, பரோட்டா, வெல்லம் ஆகிய எல்லாவற்றிலும் மிகுந்திருப்பது மாவுச்சத்து. சர்க்கரையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. செரிமானத்தில் அது பெரும்பாலும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. குளுக்கோஸ் தசைகளுக்குள் செல்ல இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். நீரிழிவு உடையவருக்கு அச்சுரப்பு போதவில்லை. அல்லது சுரந்தும் உடல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. ஆகவே குளுக்கோஸ் இரத்தத்திலேயே தங்குகிறது. நாளடைவில் அது கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் அரிக்கிறது. 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, குழந்தைகளுக்கு வரும் கடும் நீரிழிவுக்கு மருத்துவர் கையில் பட்டினியைத் தவிர வேறு கருவி இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இத்தனை காலம் கடந்தும் உணவைப் பற்றி நாம் செவிவழிச் செய்தியையே நம்புகிறோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 100 கிராம் சீனியில் மாவுச்சத்து ஏறக்குறைய முழுதும், அஃதாவது 99 கிராம். வெல்லத்தில் 95 கிராம். கருப்பட்டியும் இவ்வரிசையில் நிற்பதே. அதில் சிறிதளவு உப்புச் சத்துகள் கூடுதலாக இருப்பது உண்மை. ஆயினும் அதன் உடல் சர்க்கரையே. அதுபோல் தீட்டிய அரிசியில் 78 கிராம், கேழ்வரகில் 72, கம்பில் 67, தினையில் 61. தினையில் நார்ச்சத்து மிகுதி. ஆதலின் அது சற்று மெல்லச் செரிக்கும். ஆனால் ஒரு கரண்டி அரிசிச் சோற்றுக்குப் பதில் மூன்று கரண்டித் தினைச்சோறு உண்டால் இலாபம் எங்கே? 2025-இல் வெளிவந்த மேற்சொன்ன ஆய்வின் மற்றொரு பகுதி இதனையே காட்டுகிறது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்திற்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றி வைப்பதால் மட்டும் நோய் அபாயம் குறைந்ததாக அதில் காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை நீக்கி, அவ்விடத்தில் பருப்பு, பால் போன்ற புரத உணவை வைத்தோருக்கே அபாயம் குறைவாக இருந்தது.

“சர்க்கரை சேர்க்காத பால்கோவா” என்று சொல்வதையும் ஆராய்வோம். ஒரு லிட்டர்ப் பசும்பாலில் இயல்பாகவே 45 கிராமுக்குக் குறையாத பால் சர்க்கரை உண்டு. பாலைச் சுண்டக் காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும். சர்க்கரை சட்டியிலேயே நிற்கும். ஆகவே சீனியே சேராத கோவாவும் அளவறிந்து உண்ண வேண்டிய பொருளே.

அப்படியாயின் பாட்டனார்க்குப் பண்டிகையே இல்லையா? உண்டு. அதற்கான பொருள்களும் நம் சந்தையிலேயே உள்ளன. பருப்பும் எண்ணெய் வித்துகளும் விருதுநகரின் பழைய வணிகப் பொருள்கள் அல்லவா? ஓர் உருண்டை செய்யும் முறை சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், வறுத்த எள் 25 கிராம், பொடித்த கருப்பட்டி 20 கிராம், ஏலக்காய் இரண்டு. கடலையையும் எள்ளையும் சூடு ஆறுமுன் உரலில் இடித்தால் அவற்றின் எண்ணெயே பிடிமானம் தரும். பாகு காய்ச்ச வேண்டியதில்லை. கருப்பட்டியும் ஏலமும் கலந்து நெல்லிக்காய் அளவில் பத்து உருண்டைகள் பிடிக்கலாம். கடலையில் 26, எள்ளில் 6, கருப்பட்டியில் 19 என மொத்த மாவுச்சத்து 51 கிராம்; ஓர் உருண்டைக்கு 5 கிராம். மாறாக, 20 கிராம் பச்சரிசி மாவும் 15 கிராம் வெல்லமும் செல்லும் ஓர் அதிரசத்தில் 30 கிராம் இருக்கும். ஓர் அதிரசம் ஆறு உருண்டைகளுக்குச் சமம். எனினும் கடலையில் கொழுப்பு மிகுதி. ஆகவே உருண்டை இரண்டோடு நிற்க வேண்டும். அன்றைய சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அவ்விடத்தில் இதனை வைக்க வேண்டும்; நிறைந்த வயிற்றின்மேல் ஏற்றலாகாது.

அன்றாட உணவுக்கும் இதே விதிதான். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். எஞ்சிய கால் பங்கே சோறு. நம் வீடுகளில் இக்கணக்கு தலைகீழாக இருக்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழும். வியர்வை பெருகும், கை நடுங்கும், மனம் குழம்பும். சிவகாசியில் மருந்து செலுத்தும் அறையில் அமர்ந்திருக்கும் தொழிலாளியின் கை அவ்வாறு நடுங்கினால் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வேளையில் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே பருகத் தர வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிடின் மீண்டும் தர வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நாள்தோறும் அஞ்ச வேண்டிய அதே சீனி அந்த ஒரு வேளையில் உயிர் காக்கும் மருந்து. சிறுநீரகம் பழுதுற்றவர் புரதத்தைக் கூட்டுவதற்கும் மருத்துவர் சொல்லே அளவுகோல்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பலகாரம் செய்யும் நாளில் ஒரு தராசையும் ஒரு தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன எவ்வளவு சேர்ந்தது, எத்தனை உருப்படி ஆயிற்று என்று எழுதி வகுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும். பிறகு தட்டைப் பாட்டனாரிடம் நீட்டும்போது, “இது கருப்பட்டி” என்று சொல்லாதீர்கள். “இதில் இவ்வளவு இருக்கிறது, தாத்தா” என்று சொல்லுங்கள். எத்தனை எடுப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.