பந்துக்குப் பந்து அடிப்பது யார்?

“அண்ணாச்சி, இத யாரு உக்காந்து அடிக்கா? ஆளா, மிஷினா?”

கேட்ட தம்பிக்கு இருபது வயது இருக்கும். டேட்டா தீர்ந்து வீடியோ நின்றுவிட்டது; போனில் எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது ஓவர், எத்தனையாவது பந்து, யார் போட்டார், யார் அடித்தார், எந்தப் பக்கம் போயிற்று. ஐபிஎல் மாலைகளில் சிவகிரி மெயின் ரோட்டு டீக்கடைகளில் இப்படிக் குனிந்த தலைகளைத்தான் பார்க்கலாம். கேள்வி நல்ல கேள்வி. டீயும் குடிக்க முடியாத சூட்டில் இருந்தது. அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இன்றைக்கு அடிப்பவர்கள் பெரும்பாலும் சம்பள ஆட்கள். ஒருவர் டிவியைப் பார்த்து ரன்னையும் விக்கெட்டையும் பதிவார், இன்னொருவர் வர்ணனை எழுதுவார். ஆனால் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தவர்கள் யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. வெறும் ரசிகர்கள். அதிலும் பாதிப் பேர் மேட்ச் நடக்கும் மைதானத்துக்குக் கண்டம் விட்டுக் கண்டம் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள்.

1990களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு மேட்ச் என்றால் தூர்தர்ஷன். கரண்ட் போனால் டிரான்சிஸ்டர். தமிழ் வர்ணனை வரும் நாட்களில் அப்துல் ஜப்பாரின் குரலுக்காகவே ரேடியோவைத் திருகியவர்கள் உண்டு. ஆகவே சிவகிரியில் இருந்தவனுக்கு ஸ்கோர் பஞ்சம் இல்லை. தவித்துப் போனவர்கள் இங்கிருந்து அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போன பையன்கள். அங்கே பேப்பரில் கிரிக்கெட் வராது, டிவியிலும் கிடையாது. வீட்டுக்கு ஐ.எஸ்.டி. போட்டு “டெண்டுல்கர் எத்தனை?” என்று கேட்டால் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு காலி. அவர்களிடம் இருந்த ஒரே வசதி, பல்கலைக்கழகக் கணினி அறையில் இருந்த இணையம். இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். ஊரில் இருந்தவனுக்கு ஆட்டம் இருந்தது, இணையம் இல்லை. வெளியே போனவனுக்கு இணையம் இருந்தது, ஆட்டம் இல்லை.

ஆகவே அவர்கள் கூடிப் பேசும் ஓர் எழுத்து அரட்டை அறையில் ஓர் ஏற்பாடு தானாக உருவானது. எந்த நாட்டில் இருப்பவருக்கு டிவியோ ரேடியோவோ கிடைக்கிறதோ அவர் பார்த்துப் பார்த்து அடிப்பார், மற்றவர்கள் படிப்பார்கள். தொல்லை என்னவென்றால், நடுவில் புதிதாக உள்ளே வரும் ஒவ்வொருவரும் “ஸ்கோர் என்ன?” என்று கேட்பார்கள். நம் டீக்கடையிலும் அதே கதைதானே, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் எல்லாம் கேட்பான். இந்தத் தொல்லைக்கு மருந்தாக, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் ஒரு சின்ன நிரலை எழுதினார். யார் கேட்டாலும் அது ஸ்கோரைச் சொல்லிவிடும். 1993 மார்ச்சில் இப்படித் தொடங்கியதுதான் கிரிக்இன்ஃபோ.

“அந்தக் கிரிக்இன்ஃபோவா?” என்றான் தம்பி. அதேதான். அவன் கையில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

சைமன் கிங்கோடு சேர்ந்துகொண்டவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும். விஷால் மிஸ்ரா அவர்களில் ஒருவர். பிற்பாடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர் ஆனார். இன்னொருவர் நம்மவர், பத்ரி சேஷாத்ரி. நாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்காகப் போனவர். கிழக்கு பதிப்பகப் புத்தகம் வாங்கியவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 2004இல் அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அதற்கு முன்னால் அவருக்கு வேலை கிரிக்கெட் ஸ்கோர்தான்.

நேரடி ஸ்கோர் என்பது வேலையில் பாதிதான். மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாதது. 1877இல் மெல்போர்னில் நடந்த முதல் டெஸ்டிலிருந்து பழைய ஸ்கோர் கார்டுகளைப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்து ஏற்ற வேண்டும். பெயர் முதலெழுத்து ஒன்று மாறினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். கேட்சைப் பிடித்தது விக்கெட் கீப்பரா, வேறொருவரா. எக்ஸ்ட்ராவில் எத்தனை பை, எத்தனை லெக்-பை. கூட்டினால் மொத்தம் சரியாக வருகிறதா. இதற்கெல்லாம் கைதட்டல் கிடையாது. சிக்ஸருக்கு விசில் அடிக்க லட்சம் பேர் வருவார்கள். 1930களில் நடந்த ஒரு மேட்ச்சின் லெக்-பையைச் சரிபார்க்க ஒரு தனிக் கிறுக்கு வேண்டும்.

இந்தக் கிறுக்கு கிரிக்கெட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. பேஸ்பால் கதையையும் சொன்னால்தான் விஷயம் முழுசாகும். நம் ஊரில் பேஸ்பால் என்றால் சினிமாவில் அடியாள் கையில் இருக்கும் கட்டை, அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அந்த ஆட்டத்தின் கணக்கு எழுதும் முறை கிரிக்கெட்டிலிருந்து போனது. ஹென்றி சாட்விக் என்பவர் 1824இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் குடிபோனவர். முதலில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பேஸ்பால் மேல் ஆசை வந்ததும், கிரிக்கெட் ஸ்கோர் கார்டைப் போலவே பேஸ்பாலுக்கும் பத்திரிகையில் ஒரு கட்டம் போட்டு யார் எத்தனை ஓட்டம், யார் எப்படி அவுட் என்று எழுத ஆரம்பித்தார். அந்த ஆட்டத்தின் கணக்குப் பித்து அங்கேதான் வேர்விட்டது.

அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் கழித்து பில் ஜேம்ஸ் வருகிறார். கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு பன்றிக்கறி–பீன்ஸ் டின் தொழிற்சாலையில் இரவுக் காவலாளி. காவல் நேரத்தில் ஸ்கோர்களை வைத்து யோசித்து, யோசித்ததை எழுதி, 1977இல் தானே அச்சிட்டு வெளியிட்டார். அவருக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பந்துக்குப் பந்து விவரம் லீக்கின் புள்ளிவிவர நிறுவனத்திடம்தான் இருந்தது. வெளியாட்களுக்கு அவர்கள் தரவில்லை. அதற்காக அவர் மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1984இல் நாடு முழுக்க உள்ள ரசிகர்களைத் திரட்டி, ஆளுக்கு ஒரு அணி, ஒரு மேட்ச் என்று பிரித்துக்கொடுத்து, நாமே எழுதிக்கொள்வோம் என்று இறங்கிவிட்டார். அவரைப் பின்னால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஆலோசகராக வைத்துக்கொண்டது. 2004இல் அந்த அணி 86 வருடம் கழித்துப் பட்டம் வென்றது. அவரால்தான் வென்றது என்று சொன்னால் மட்டையைப் பிடித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் டேவிட் ஸ்மித். டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். 1984க்குப் பிறகான ஆட்டங்களை ரசிகர்கள் எழுதிவிட்டார்கள், அதற்கு முன்னால் நடந்தவை என்ன ஆவது என்று அவருக்கு உறுத்தல். 1989இல் ரெட்ரோஷீட் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அணி அலுவலகங்களில் கிடந்த பழைய ஸ்கோர் தாள்கள், நிருபர்களின் நோட்டுகள் என்று தேடித் தேடிப் பிரதி எடுத்து, தன்னார்வலர்களைக் கொண்டு கணினியில் ஏற்றினார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கக்கூடச் செய்யலாம். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி போட்டால் போதும். கிரிக்கெட்டிலும் இப்படி ஒரு கிரிக்‌ஷீட் இருக்கிறது. பந்துக்குப் பந்து தரவை இலவசமாகத் தருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு அங்கிருந்துதான் இறக்கிக்கொள்கிறார்கள்.

தம்பி இங்கே குறுக்கே புகுந்தான். “ஸ்கோரு போர்டுக்காரனுக்குச் சொந்தம் இல்லையா அண்ணாச்சி? கேஸு போட மாட்டானா?”

போட்டார்கள். செல்போனில் எஸ்.எம்.எஸ். மூலம் ஸ்கோர் அனுப்பிய நிறுவனங்கள் மீது, ஒளிபரப்பு உரிமை வாங்கிய ஸ்டார் இந்தியா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 மார்ச்சில் தனி நீதிபதி தடை கொடுத்தார். ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது; வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் ஏறியது. அமெரிக்காவிலும் இதே சண்டை வேறு வேறு ஆட்டங்களில் நடந்தது. பேஜரில் கூடைப்பந்து ஸ்கோர் கொடுத்த மோட்டோரோலா மீது கூடைப்பந்து லீக் போட்ட வழக்கு 1997இல் மேல்முறையீட்டில் தோற்றது. பேஸ்பால் வீரர்களின் பெயரையும் எண்களையும் வைத்துக் கற்பனை அணி விளையாட்டு நடத்திய நிறுவனம் 2007இல் லீக்கை எதிர்த்து ஜெயித்தது. ஒளிபரப்பும் படம் உரிமைக்காரனுடையது. ஆனால் கோலி 49இல் அவுட் ஆனார் என்பது நடந்துபோன ஒரு செய்தி. நடந்ததை எவனும் வேலி போட்டு அடைக்க முடியாது என்பதுதான் அந்த நீதிபதிகளின் யோசனை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

செய்தி யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், சேர்த்து வைத்த களஞ்சியத்துக்கு விலை உண்டு. கிரிக்இன்ஃபோ கதை இந்த இடத்தில்தான் திரும்புகிறது. 1996இல் கம்பெனியாகப் பதிவானது. 2000இல் சத்யம் இன்ஃபோவே அதில் 25 சதவீதப் பங்கு வாங்கியது. அப்போது மொத்த மதிப்பு 15 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்ததாக டாட்காம் சரிவு வந்தது, கணக்கெல்லாம் கரைந்தது. 2003இல் விஸ்டன் குழுமத்திடம் போயிற்று. 2007இல் அவர்களிடமிருந்து இ.எஸ்.பி.என். வாங்கியது.

“அப்போ ஓசில அடிச்சவன்லாம் ஏமாளியா?”

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கோர் தெரியாமல் தவித்த பையன்கள். அவர்கள் தவிப்பு தீர்ந்தது, அதுவே கூலி. ஆனால் ஒன்று உண்டு. நாலாயிரம் மைல் தள்ளி ராத்திரி கண்விழித்து ஒருவன் அடித்த ஸ்கோர் கார்டு இன்று விளம்பரத்தோடு வருகிறது. அவன் பெயரை நாம் எங்கேயும் பார்ப்பதில்லை. ரெட்ரோஷீட்டில் உழைத்தவனின் உழைப்பு மட்டும் எவன் கைக்கும் போகாமல் பொதுவிலேயே நிற்கிறது. இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், டேவிட் ஸ்மித் பக்கம்தான் நிற்பேன். சம்பளம் கொடுக்காமல் இன்றைய ஐபிஎல் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று எதிர்க்கேள்வி வரும். முடியாதுதான்.

தம்பி சி.எஸ்.கே. ரசிகன், சட்டையே சொல்லியது. 2008இல் அந்த அணியை 9.1 கோடி டாலருக்கு எடுத்த இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை நம் நெல்லையில் தாழையூத்து சங்கர் நகரில்தான் என்றதும் அவனுக்கு ஒரே குஷி. அந்த அணிக்கு உழைக்கும் ரசிகர் கூட்டம் வேறு வகை. 2016, 2017 இரண்டு வருடம் அணியே தடையில் இருந்தபோதும் அவர்கள் கலைந்து போகவில்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை மேட்ச்சுகள் புணேவுக்கு மாறியபோது, அணி நிர்வாகம் ஏற்பாடு செய்த தனி ரயிலில் மஞ்சள் சட்டையோடு ஏறிப் போனார்கள். அந்த உற்சாகம் இல்லாவிட்டால் ஆட்டமே சப்பென்று போய்விடும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அணி கேட்காத, அணிக்கே தெரியாத வேலையைச் செய்யும் ரசிகன் அதற்கு அடுத்த வீட்டுக்காரன். அந்த வீட்டில் கூட்டம் எப்போதும் குறைவு.

அதற்கு ஆள் வேண்டியது நம் பக்கத்திலும்தான். வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுகளுக்கு எத்தனை வருட ஸ்கோர் நோட்டு பத்திரமாக இருக்கிறது? பேட்டிங் கிடைக்காத பையன் கையில் நோட்டைத் திணிப்பார்கள்; பைனல் முடிந்ததும் கோப்பை மேடைக்குப் போகும், நோட்டு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. இப்போது கிரிக்ஹீரோஸ் ஆப் வந்து பாதிச் சிரமத்தைத் தீர்த்துவிட்டது. அதுவும் ஒரு கம்பெனியின் பெட்டகம்தான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

எழுத ஆசை என்றால் முறை சுலபம் என்று தம்பியிடம் சொன்னேன். முதல் பக்கத்தில் தேதி, ஊர், மைதானம், டாஸ் வென்றது யார், எத்தனை ஓவர் மேட்ச். ஆட்டக்காரர் பெயரைப் பட்டப்பெயராக எழுதாதே. ‘குட்டி’ என்று எழுதினால் பத்து வருடம் கழித்து எந்தக் குட்டி என்று எவனுக்கும் தெரியாது. அவுட் என்று மட்டும் எழுதாமல் யார் போட்டார், யார் பிடித்தார் என்று எழுது. இன்னிங்ஸ் முடிந்ததும் இரண்டு பக்கமும் கூட்டிப் பார். பேட்ஸ்மேன்கள் அடித்ததோடு எக்ஸ்ட்ராவைச் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். பவுலர்கள் கொடுத்ததில் வைடும் நோ-பாலும் ஏற்கெனவே அடக்கம். அதனால் அந்தப் பக்கம் பையையும் லெக்-பையையும் மட்டும் சேர்த்தால் அதே மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் அம்பயரும் கேப்டன்களும் கிளம்பிப் போவதற்கு முன்னால் கேட்டுத் திருத்திக்கொள். மறுநாள் கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்.