உங்களுக்குத் தெரியுமா? கான் யாருடையது?

● நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் பழைய லயங்களில் ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கும் வாசலில் ஓடுவது ஒரே கான். தலைக் காம்பராவில் அரிசி களைந்த தண்ணீர் கடைசிக் காம்பரா வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அடைத்த கானைக் கிளறினால் என்ன வரும்? தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல், ஷம்போ பக்கெட், லன்ச் சீட், எல்லாவற்றுக்கும் மேல் ஊறி உப்பிய ஒரு பேம்பர்ஸ். இதில் பொலித்தீன் லன்ச் சீட்டுக்கு 2017 செப்டம்பரிலும், சின்ன ஷம்போ பக்கெட்டுக்கு 2021 மார்ச்சிலும் தடை வந்தாயிற்று. கானுக்குத்தான் அது தெரியவில்லை.

● லயத்து வாசலையும் கானையும் கூட்டவென்றே தோட்டத்துச் செக்ரோலில் ஓர் ஆளுக்குப் பேர் விழுந்த காலம் உண்டு. அவர் பேர் வாசக்கூட்டி.

● 1916 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் கட்டுங்கள் என்றது. மருந்துக்குத் தலையாட்டிய துரைமார் பலர், கட்டடச் செலவென்றதும் பின்வாங்கினார்கள்.

● 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தோட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினரைச் சபைக்கு அனுப்பலாம். ஆனால் சபைக் காசில் லயத்துக் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து வாங்க அந்தப் பிரிவு குறுக்கே நின்றது. காணி தோட்டத்துக்குரியது என்பதே காரணம். சட்டத்தைத் திருத்த 2018 வரை ஆனது. அம்பகமுவ சபையைப் பிரித்ததில் நோர்வூட்டுக்குத் தனிப் பிரதேச சபை அமைந்து தேர்தல் நடந்ததும் அதே ஆண்டுதான். ஆகவே, கான் உடைந்தது என்று மனுக் கொடுக்கப் போனால், "அது தோட்டத்து எல்லை" என்ற ஒற்றைப் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

● நம் பிள்ளைகள் வேலைக்குப் போய்த் தங்கும் கொழும்புத் தொடர்மாடிகளிலும் இதே சண்டைதான். கான் நிமிர்ந்து சுவருக்குள் நிற்கிறது, அவ்வளவே. அங்கே 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பல வீடுகளுக்குப் பொதுவான குழாய், உங்கள் சுவருக்குள் போனாலும் பொதுச்சொத்து. பராமரிப்பு முகாமைத்துவச் சபையின் பொறுப்பு. எந்தக் குழாய் அடைத்தது என்று அறியவும் ஒரு வழி உண்டு. சிங்க் மட்டும் தேங்கினால் பெரும்பாலும் உங்கள் கிளைக்குழாய். நீங்கள் பைப்பையே திறக்காதபோது குளியலறையில் தண்ணீர் குமிழி விட்டு மேலே வந்தால் பொதுக்குழாய். அப்படி வந்தால் முதலில் நனைவது கீழ்த்தளத்து வீடுதான்.

● கழிவுக்குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழிருந்து நாற்றமும் கிருமியும் ஏறாமல் தடுப்பது அதுதான். அது காய்ந்தால் என்னவாகும் என்பதை 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் தொடர்மாடி காட்டியது. அங்கு குளியலறைத் தரையைக் கழுவாமல் துடைத்தே பழகியிருந்ததால் பல வீடுகளில் வளைவு வறண்டு கிடந்தது. சார்ஸ் நோயாளி ஒருவரின் கழிவு பொதுக்குழாயில் இறங்கியது. மற்ற வீடுகளின் காற்றாடிகள் குழாய்க் காற்றைத் திவலைகளோடு உள்ளே இழுத்தன. 300க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் தொற்றியதற்கு இதுவே முக்கிய வழி என்று விசாரணையில் தெரியவந்தது. பாவிக்காத குளியலறை இருந்தால் வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். செலவில்லாத வைத்தியம்.

● நோர்வூட் கான் தண்ணீர் எங்கே போகிறது? கெஹெல்கமு ஓயாவில் விழுந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, நோர்டன் பிரிஜ் வழியாக இறங்கி, மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அம்பத்தளையில் அதைச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பேம்பர்ஸ் எறிகிறவர் இதையும் யோசிக்கட்டும்.

● தென்மேல் பருவமழைக்கு முன்பே கானை வழித்துவிடுங்கள். வழித்த சேற்றைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள். முதல் மழையிலேயே அது திரும்பக் கானுக்குள் இறங்கிவிடும்.